மவ்ஸிம்: எங்கள் மலையடிவாரத்திற்கு மழை வரும் வழி



தமிழில் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்ற சொல்லுக்கு மழை மேகம் என்றும் பொருள். கோடை என்ற சொல்லுக்கு வெயில் காலம் என்றும் பொருள். கிழக்குக் காற்றுக்கு மேகத்தின் பெயரையும் மேற்குக் காற்றுக்கு வெயிலின் பெயரையும் சூட்டிய நம் முன்னோர், இந்த மண்ணின் வானிலையை இரண்டே சொற்களில் வரைந்து வைத்துவிட்டனர். கேரளத்தில் பிறந்த ஒருவர் இப்பெயர்களை வைத்திருந்தால் அவை இடம் மாறியிருக்கும்; அங்கே மழையைக் கொண்டுவருவது மேற்குக் காற்றே.

நாங்கள் திருவண்ணாமலையில் பழக்கடை நடத்தும் குடும்பத்தினர். 814 மீட்டர் உயரமுள்ள மலை. அதைச் சுற்றி 14 கி.மீ. நீளும் கிரிவலப் பாதை. பௌர்ணமிதோறும் அப்பாதையில் நடக்கும் இலட்சக்கணக்கான மக்கள். அவர்கள் வாங்கிச் செல்லும் வாழையும் கொய்யாவும் சாத்துக்குடியும். எங்கள் வாழ்வாதாரம் இவற்றோடு பிணைந்தது. கோயில் திருவிழா அண்டை வீட்டாருடையது. ஆயினும் அதன் கூட்டமும் குறைவும் எங்கள் அடுப்பில் தெரியும். கார்த்திகைத் தீபம் எப்போதும் மழைக்காலத்தின் நடுவிலேயே வரும். ஆகவே ஐப்பசி பிறந்ததும் வானத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு ஒப்பானது.

நம் ரமளானின் நிலை வேறு. பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் அது சுற்றி வந்துவிடும். கத்திரி வெயிலில் நோன்பு நோற்றவர்களே வாடைக் குளிரிலும் நோற்பார்கள். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் தொடங்கவிருக்கின்றன. ஆகவே பருவத்தை அறிவது வணிகருக்கும் உழவருக்கும் மட்டுமே உரிய செய்தியன்று. நோன்பாளியின் அன்றாடத்திலும் அதற்கு இடமுண்டு.

மவ்ஸிம் என்னும் சொல்

எங்கள் தெருவில் உருது பேசும் குடும்பங்கள் பல உள்ளன. வானம் இருண்டால் அவர்கள் ‘மவுசம் மாறிவிட்டது’ என்பார்கள். அரபியில் ‘மவ்ஸிம்’ என்றால் பருவம். ஹஜ்ஜுக் காலத்தையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அரபுக் கடலோடிகள், பாய்மரம் விரிக்க ஏற்ற காற்று வீசும் காலத்தை மவ்ஸிம் என்றனர். அச்சொல்லைப் போர்ச்சுகீசியர் தம் மொழிக்கு எடுத்துச் சென்றனர். அங்கிருந்து ஆங்கிலத்தில் அது ‘மான்சூன்’ ஆயிற்று. பருவக்காற்று என்று நாம் சொல்வதும் அதே பொருளைத்தான் தருகிறது.

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித், ஜுல்ஃபார் என்ற துறைமுகத்தில் பிறந்த மாலுமி. எந்தக் கரையிலிருந்து எந்தக் காலத்தில் புறப்பட வேண்டும், எந்தக் காலத்தில் கடலில் இறங்கவே கூடாது என்பதையெல்லாம் அவர் தம் நூலில் முறைப்படுத்தி எழுதினார். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரைக்காயர்களும் இந்தக் காற்றின் கணக்கை நம்பியே மலாக்காவுக்கும் இலங்கைக்கும் கலம் செலுத்தினர். ஒரு காற்றில் போனவர்கள், திரும்புவதற்கு அடுத்த காற்று வரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் அயல் துறைமுகங்களில் பள்ளிவாசல்கள் எழுந்தன. திருமண உறவுகள் உண்டாயின. இந்தியப் பெருங்கடலின் கரையோரங்களில் இஸ்லாம் பரவிய வரலாற்றில் காற்றுக்கும் பங்குண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் காற்று ஏன் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது? நிலம் விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். கோடையில் இந்திய நிலப்பரப்பும் திபெத்தியப் பீடபூமியும் காய்ந்து, அவற்றின் மேலுள்ள காற்று இலேசாகி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. நிலநடுக்கோட்டைக் கடந்ததும் பூமியின் சுழற்சி அதை வலப்புறமாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே அது தென்மேற்கிலிருந்து வீசும் காற்றாகிறது. குளிர்காலத்தில் வடக்கே ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து அழுத்தம் கூடுகிறது. காற்று தெற்கு நோக்கி இறங்கி, வடகிழக்கிலிருந்து வீசுகிறது.

கடல் நீரும் காற்றின் சொல் கேட்கிறது. சோமாலியக் கரையோர நீரோட்டம் கோடையில் வடக்கேயும் குளிர்காலத்தில் தெற்கேயும் ஓடுகிறது. நம் கிழக்குக் கரையோரத்து நீரோட்டமும் அவ்வாறே. மாசி, பங்குனியில் வடக்கு நோக்கிச் செல்லும் அது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்பி, வங்கக் கடலின் வடபகுதியில் பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய நன்னீரைத் தமிழகக் கரையோரமாகச் சுமந்து வருகிறது. உப்பு குறைந்த இந்த நீர் இலேசானது. கடலின் மேற்பரப்பில் ஒரு போர்வை போலப் படர்ந்து, அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலந்துவிடாமல் தடுக்கிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புயல் உருவாகக் கடல் மேற்பரப்பில் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வங்கக் கடலில் அது பெரும்பாலான மாதங்களில் கிடைத்துவிடுகிறது. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாகத் தோன்றுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

மலைகளின் பங்கு

தென்மேற்குக் காற்று அரபிக் கடலின் ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமையைக் கேரளத்திலும் கர்நாடகக் கரையிலும் இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அதே காற்று உலர்ந்து சூடாகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி அந்த மலையின் மழை மறைவில் கிடக்கிறது. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்வதற்கு இதுவே காரணம்.

எங்கள் மாவட்டம் இரு பருவங்களிலும் பங்கு பெறுகிறது. ஆடி, ஆவணி மாலைகளில் வானம் திடீரெனக் கருத்து இடியுடன் கொட்டுவதை இவ்வூரார் அறிவர். பகலெல்லாம் நிலம் காய்ந்திருக்க, பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்நாட்டுக்குள் புகுந்து மேற்குக் காற்றைச் சந்திக்கிறது. இரண்டும் மோதுமிடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகமாகிறது. அஸர் தொழுகைக்குப் போகும்போது வெயிலாகவும் மக்ரிபுக்குப் போகும்போது குடையுடனும் நாங்கள் நடப்பது இதனால்தான். வடமேற்கில் ஜவ்வாது மலையும் தென்மேற்கில் கல்வராயன் மலையும் நிற்கின்றன. கிழக்கேயோ, செஞ்சிக் குன்றுகளைத் தவிரக் கடல்வரை பெரிய தடை ஏதுமில்லை.

அருகிலுள்ள கடல் மட்டும் நம் மழையை முடிவு செய்வதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியிருந்தன. அதை இன்று ‘எல் நினோ’ என்கிறோம். அதன் மறுபாதியான காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்து, பருவமழையை முன்கூட்டியே கணிக்க வழி தேடியபோது அவருக்கு அது புலப்பட்டது. எல் நினோ பொதுவாகத் தென்மேற்குப் பருவத்தை நலிவிக்கும். வடகிழக்குப் பருவத்தை வலுப்படுத்தும். 2015இல் வலிய எல் நினோ நிலவியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டு நிலைமை தலைகீழாயிற்று. 2016இன் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது.

2017ஆம் ஆண்டுக் கோடை எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. கடைக்கு வரும் கொய்யா எலுமிச்சை அளவில் சிறுத்திருந்தது. ஒரு காலைப்பொழுதில் ஆண்களும் பிள்ளைகளுமாகத் திறந்த வெளியில் கூடி மழைத் தொழுகை தொழுதோம். இமாம் மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் கையேந்தினார். அவ்வழியே போன ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை ஓரமாக நின்றார். மழை கேட்பதில் ஊர் ஒன்றாக இருந்தது.

2024, டிசம்பர் 1

அந்த மழை எல்லை கடந்து வந்தபோது என்ன நடந்தது என்பதையும் இவ்வூர் கண்டது. ஃபெஞ்சல் என்பது சவூதி அரேபியா பரிந்துரைத்த பெயர். அப்புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தில் அது பெரும்புயல் அன்று. ஆனால் கரையேறிய பின் நகராமல் நின்றது. புயல் தானாக நடப்பதில்லை. ஆற்றில் சுழலும் பம்பரத்தைப் போல, மேலடுக்குக் காற்று இழுக்கும் திசையில் செல்கிறது. இழுக்கும் காற்று வலுவிழந்தால் நின்ற இடத்திலேயே சுழலும். பாதி உடல் நிலத்திலும் பாதி உடல் கடலிலுமாக நின்ற ஃபெஞ்சல், கடலிலிருந்து ஈரத்தை இறைத்து நிலத்தின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்த நாள் கணக்கில், கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவாயிற்று. மயிலத்துக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே இருப்பது திருவண்ணாமலை. சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணையில் 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது.

எங்கள் சாச்சா ஒருவர் மலையடிவாரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தார். சனிக்கிழமை பிற்பகலில் அவரையும் குடும்பத்தாரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவரச் சென்றோம். “மவுத் எங்கே எழுதியிருக்கிறதோ அங்கேதான் வரும். கடல் 100 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. புயலுக்குப் பயந்து மலையூரில் வீட்டைப் பூட்டுவார்களா?” என்று அவர் மறுத்துவிட்டார். எங்கள் அம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. அமர்ந்தபடியே உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை மட்டும் நினைவூட்டினார்கள். உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குச் சென்ற வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். ‘அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள்?’ என்ற கருத்தில் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் பொருள்பட விடையளித்தார்கள். சாச்சா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பிள்ளைகளின் துணிமணியை மூட்டை கட்டச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் மழை விடவில்லை. நண்பகலில், “என் வீட்டில் ஒரு சொட்டும் ஒழுகவில்லையாம், வீணாக அலைக்கழித்துவிட்டீர்கள்” என்று சாச்சா குறைபட்டுக்கொண்டார். அன்று மாலை, மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறைகளும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. உள்ளே 7 பேர் இருந்தனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து தேடியும் எவரையும் உயிருடன் மீட்க முடியவில்லை. சாச்சாவின் வீட்டுக்கு இறுதிவரை ஒன்றும் நேரவில்லை. அது இன்றும் நிற்கிறது. ஆயினும் அதன் பின் அவர் அந்தக் குறையைச் சொல்லவே இல்லை.

மலை ஏன் சரிந்தது? வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கல்லாகத் தோன்றும் மலையின் மேல், காலங்காலமாய்ச் சிதைந்த பாறைத் துண்டுகளும் மண்ணும் போர்த்தியிருக்கின்றன. சாதாரண மழையில் நீர் அதனூடே கசிந்து வழிந்தோடிவிடும். ஒரே நாளில் பல மாத மழை கொட்டினால், மண்ணின் இடுக்குகள் நிரம்பி, எடை கூடி, துகள்களின் பிடி தளர்கிறது. அடியிலிருக்கும் வழுக்குப் பாறையின் மேல் முழுப் போர்வையும் நழுவுகிறது. சரிவின் அடியை வெட்டிச் சமன் செய்து வீடு கட்டும்போது, மேலுள்ள மண்ணைத் தாங்கி நிற்கும் பாதத்தையே நாம் எடுத்துவிடுகிறோம். நீர் இறங்கி வந்த ஓடைகளை அடைத்துத் தெருவாக்கும்போது, அடுத்த பெருமழையில் அந்த நீர் தனக்கு ஒரு வழி தேடுகிறது. அங்கே குடியேறுபவர்கள் விரும்பிக் குடியேறுபவர்கள் அல்லர். நகரின் நடுவில் வாடகை தர இயலாதவர்களே மேடேறுகிறார்கள்.

தண்டனை என்ற பேச்சு

அந்த வாரத்தில் கடைக்கு வந்த சிலர், நம்மவர்களும்கூட, இது இன்னாருக்கு இறைவன் தந்த தண்டனை என்று பேசினார்கள். இப்பேச்சை நாம் நம் வீடுகளில் அனுமதிக்கக் கூடாது. இடிந்த வீட்டுக்குள் இருந்த ஐந்து பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அச்சொல்லை ஒருவரால் எப்படி உச்சரிக்க முடிகிறது? மறைவானவற்றின் அறிவு நமக்குத் தரப்படவில்லை. நமக்குத் தரப்பட்டவை கண்ணும் அறிவும் இரக்கமும்தாம். அதற்கு முந்தைய ஆண்டின் நினைவு அதற்குள்ளாக அழிந்துவிட்டதா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் நிறைந்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. அது ஒரு பெயர்பெற்ற புயல்கூட அன்று; குமரிக் கடற்பகுதியின் மேல் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான். அம்மக்களை யாரேனும் அவ்வாறு பேசியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

குர்ஆன் காற்றைப் பற்றிப் பல இடங்களில் பேசுகிறது. சூரத்துர் ரூமின் 48ஆம் வசனம் காற்று மேகத்தைக் கிளப்புவதையும், மேகம் வானில் பரவுவதையும், அதன் இடையிலிருந்து மழை வெளிப்படுவதையும் படிப்படியாக எடுத்துக் காட்டுகிறது. படிகளைக் காட்டிய இறைவன், அவற்றை அறிந்துகொள்ளும் முயற்சியை வெறுக்கமாட்டான். காரணங்களைக் கற்பது படைத்தவனை மறப்பதாகாது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குத்பாவின் நடுவே ஒருவர் வந்து வறட்சியைச் சொல்லி மழைக்காக துஆச் செய்யுமாறு வேண்டினார். மழை பெய்தது, ஒரு வாரம் நிற்கவில்லை. அடுத்த வெள்ளியன்று, உடைமைகள் அழிகின்றன, வழிகள் அடைபட்டுவிட்டன என்ற முறையீடு வந்தது. நபியவர்கள் மழையைச் சபிக்கவில்லை. குடியிருப்புகளை விட்டு, சுற்றியுள்ள குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் மரங்கள் முளைக்கும் இடங்களுக்கும் அதைத் திருப்புமாறு கேட்டார்கள். மழை எங்கே பெய்தால் அருள், எங்கே தங்கினால் துன்பம் என்ற நிலவியல் அந்த துஆவில் அடங்கியிருக்கிறது. 2024 டிசம்பர் 6ஆம் தேதி ஜும்ஆவில் எங்கள் இமாம் இந்நிகழ்ச்சியைச் சொன்னபோது, பள்ளியின் பின்வரிசை வரை அமைதி நிலவியது.

அந்த ஓடைகளும் மரங்களும் இருக்கும்போதுதான் அந்த துஆவுக்கு ஊரில் இடம் இருக்கும். கடந்த சில பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் பலர் எங்கள் மலையில் மரம் நட்டு, கோடைத் தீயிலிருந்து அவற்றைக் காத்து வருகின்றனர். வேர் பிடித்த சரிவு, வெறும் சரிவைவிட மண்ணை நன்றாகத் தாங்கும். சமுத்திரம் ஏரி போன்ற நீர்நிலைகள், மலை இறக்கிவிடும் நீரை ஏந்திக்கொள்ளவே இருக்கின்றன. அவற்றின் வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டுபவர்களில் நம் கடைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

டிசம்பர் 13ஆம் தேதி தீபம் ஏற்றப்பட்டது. வல்லுநர்கள் மலையை ஆய்ந்து கூறிய அறிவுரையின்படி, அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. எங்கள் விற்பனை குறைந்தது. எனினும், தம் வணக்கத்தின் ஒரு பகுதியை உயிர்ப் பாதுகாப்புக்காக விட்டுக்கொடுத்த அண்டை வீட்டாரை நாங்கள் மதிப்புடன் பார்த்தோம். கடும் மழையில் வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம் என்ற சலுகையை நம் மார்க்கமும் தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்கத் தயங்கி, முழங்கால் நீரில் முதியவர்கள் பள்ளிக்கு வருவதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கைவிட வேண்டும்.

கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தை ஏந்தும். ஏந்தியதை ஓரிடத்தில் கொட்டவும் செய்யும். ஆகவே ஃபெஞ்சலைப் போன்ற நாட்கள் நம் பிள்ளைகளின் காலத்திலும் வரும். ஒவ்வொரு மஹல்லாவும் அக்டோபர் பிறப்பதற்கு முன் சில செயல்களைச் செய்துகொள்ளலாம். சரிவிலும் ஓடைக்கரையிலும் வசிப்பவர்களின் பட்டியல் ஒன்றைப் பள்ளியில் வைத்திருக்கலாம். எந்த மதத்தவர் என்று பாராமல் அதில் எழுத வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் மத்ரஸா கூடத்தை அவர்களுக்குத் திறந்துவிட இப்போதே முடிவு செய்யலாம். சுவரில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று நீர் ஆகியவை மலை நகரத் தொடங்கியதன் அறிகுறிகள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம்.

எங்கள் சாச்சா இப்போது நகருக்குள் இரு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். வாடகை 1,500 ரூபாய் கூடுதல். அதில் பாதியைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்கிறோம். உங்கள் உறவினர் எவரேனும் மேட்டில் இருந்தால், இந்தக் கணக்கை உங்கள் வீட்டிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நம் ஊர்களுக்கு வரும் மழையை அல்லாஹ் பயனுள்ள மழையாக ஆக்குவானாக. அதை ஏந்திக்கொள்ளும் அறிவையும், அதிலிருந்து எளியவர்களைக் காக்கும் மனத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.